கேரட்டை நீளவாக்கில் நறுக்குங்கள்

சாம்பாருக்கு நறுக்குவதுபோல் கேரட்டை வட்டம் வட்டமாக நறுக்கி, கிண்ணத்தில் போட்டுக் குதிரையின் முன்னால் நீட்டுகிறோம். கழுவியாயிற்று, தோலும் சீவியாயிற்று, பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் சின்னத் துண்டுகளாகவும் ஆக்கியாயிற்று. இதைவிட அக்கறையாக என்ன செய்ய முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் குதிரையின் தொண்டைக்கு அந்த வட்டத்துண்டு கொஞ்சமும் ஆகாது. வழுவழுப்பானது, கெட்டியானது, மெல்லாமலே நழுவிப் போகக்கூடிய அளவு. அதே கேரட்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்து விரல் விரலாகக் கொடுத்தால், குதிரை அதைக் கடித்து, கடைவாயில் ஒதுக்கி, அரைத்துத்தான் உள்ளே அனுப்பும். காய் ஒன்றுதான், கத்தி போன திசைதான் வேறு. குதிரைக்கு எந்தப் பழம் கொடுக்கலாம், எது கூடாது என்ற பட்டியலைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பட்டியலும் வேண்டியதுதான். ஆனால் அதில் 'கொடுக்கலாம்' என்ற பக்கத்தில் இருக்கும் பழங்களே, நறுக்கிய விதத்தாலும் கொடுத்த அளவாலும் பழக்கமில்லாத வயிற்றில் திடீரென்று போய் விழுவதாலும் குதிரையைப் படுக்க வைத்துவிடும்.

காரணம் குதிரையின் உடலமைப்பில் இருக்கிறது. வளர்ந்த குதிரையின் உணவுக்குழாய் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் நீளம். தலை குனிந்து புல் மேயும் பிராணி என்பதால், விழுங்கியது கழுத்து நெடுக மேல்நோக்கி நகர வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்துக்கு எண்ணெய்போல் உதவுவது உமிழ்நீர். நாளொன்றுக்கு 30, 40 லிட்டர்வரை சுரக்கும். ஆனால் நமக்குப்போல் பார்த்ததும் வாசனை பிடித்ததும் வாய் ஊறாது. மென்றால்தான் ஊறும். மெல்லாமல் விழுங்கிய துண்டு வறண்ட குழாயில் இறங்கி, நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மனிதருக்குச் சிக்குவதுபோல் இது மூச்சுக்குழாயை அடைப்பதில்லை, அதனால் குதிரை உடனே மூச்சுத்திணறி விழாது. கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கும், இருமும், இரண்டு மூக்குத்துவாரங்களிலும் எச்சிலும் மென்ற தீனியும் நுரையுமாக ஒழுகும். பலர் இதைச் சளி என்றே நினைத்துவிடுகிறார்கள். அப்போது மூங்கில் குழாயை வாயில் வைத்து நல்லெண்ணெயோ தண்ணீரோ ஊற்றுவதைப்போல் கெடுதல் வேறில்லை. அடைத்த குழாயில் இறங்க வழியில்லாமல் அது நுரையீரலுக்குப் போகும், அடைப்பு நீங்கிய பிறகும் நிமோனியாவில் முடியும். தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி அமைதியாக நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் உடனிருப்பவர் செய்ய வேண்டியது. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது போனதுதான்.

ஆகவே நறுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்தத் துண்டை மெல்லாமல் விழுங்க முடியுமா? நீளமான விரல்துண்டை முடியாது, துருவியதை விழுங்கினாலும் கெடுதியில்லை. இரண்டுக்கும் நடுவில் உருண்டையாகவும் கட்டியாகவும் இருப்பவைதான் வம்பு. ஆப்பிளை எட்டுக் கீற்றாகப் பிளந்து நடுத்தண்டை நீக்கிவிடலாம். விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் ஓரிரு விதையால் ஒரு குதிரைக்கு ஒன்றும் ஆகிவிடாது, பயந்து அலற வேண்டியதில்லை. முழு ஆப்பிளை, அதிலும் சின்ன ஆப்பிளை, அப்படியே கொடுப்பதுதான் தவறு. மாம்பழமென்றால் கொட்டையில்லாமல் சதையை மட்டும், பேரீச்சம்பழமென்றால் கொட்டையை எடுத்துவிட்டு. வெள்ளரிக்காய் வெயில்காலத்துக்கு மிக நல்லது. நூற்றில் 95 பங்கு தண்ணீர், சர்க்கரையோ மிகக் குறைவு. அதையும் நீளவாக்கில்தான் பிளக்க வேண்டும். தர்ப்பூசணியில் நாம் தூக்கியெறியும் தோலையும் பட்டையாக நறுக்கிக் கொடுக்கலாம். வாழைப்பழத்தைத் தோலோடும் தின்னும், ஆனால் மருந்து தெளித்து வளர்த்த தோல் என்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். பீட்ரூட்டைத் துருவிக் கொடுக்கலாம், மறுநாள் சிறுநீர் சிவந்திருந்தால் பதற வேண்டாம். வயதான குதிரைக்கு மட்டும் கத்தி போதாது, துருவிதான். தாடையில் அடுக்காக நிற்கும் 24 கடைவாய்ப் பற்கள் தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால், எவ்வளவு நல்ல மனத்தோடு விரல்துண்டாக நறுக்கினாலும் அதனால் அரைக்க இயலாது. வாயிலிருந்து பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறதா என்று பார்த்தால் பல்லின் நிலைமை தெரிந்துவிடும்.

தொண்டையைத் தாண்டிய பிறகு வயிறு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும், அந்த உடம்புக்கு அது சின்னப் பைதான். உண்மையான சமையலறை பின்னால், பெருங்குடலில் இருக்கிறது. 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும் அந்தக் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு நாரை நொதிக்கவைத்துக் குதிரைக்குச் சத்தாக்கித் தருகின்றன. அவை நாருக்குப் பழகியவை. மாவுச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடலில் முழுவதும் செரிக்காமல் பொங்கிவழிந்து அங்கே போனால், வேறு நுண்ணுயிர்கள் பெருகி, குடல் புளித்துப்போகிறது. நாருண்ணும் நுண்ணுயிர்கள் செத்து அவற்றின் நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. ஒன்று, கடும் வயிற்றுவலி வந்து குதிரை புரளும். இல்லாவிட்டால், நம்புவதற்குச் சிரமமாக இருக்கும், கால் போகும். குளம்பின் உட்சுவரில் மெல்லிய மடிப்புகள்தான் கால்எலும்பைப் பிடித்துத் தொங்கவைத்திருக்கின்றன. அவை அழன்று பிடியை விடும்போது, உடம்பின் பாரம் முழுவதும் அந்த எலும்பைக் கீழே அழுத்துகிறது. மருத்துவர்கள் லாமினைட்டிஸ் என்று சொல்லும் இந்த நோயில், முன்னங்கால்களில் பாரத்தைத் தாங்க முடியாமல் குதிரை பின்னால் சாய்ந்து நிற்கும். வயிற்றில் செய்த தவறுக்கு நான்கு குளம்புகளும் விலை கொடுக்கின்றன.

நமக்கு நல்லதென்று தோன்றுவதைக் குதிரைக்கும் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் புதிதல்ல. கடல்வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் போன கதையிலிருந்துதான் நரி பரியான திருவிளையாடலே பிறக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த மார்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் மிஞ்சியவை சொற்பமே என்றும், சோறும் வேகவைத்த இறைச்சியும் குதிரைகளுக்குக் கொடுக்கப்பட்டன என்றும் எழுதிவைத்திருக்கிறார். வெளியூர்க்காரர் கணக்கில் மிகை இருக்கலாம். நம் வெப்பமும் புல்லின் குறைவும் அந்தச் சாவுகளுக்குக் காரணமாயிருக்கலாம். ஆனாலும் அரேபியப் பாலைவனக் கரையிலிருந்து வந்த பிராணியின் முன்னால் சோற்றை வைத்தவர்கள் அதை வெறுத்தவர்களாக இருந்திருக்க முடியாது. பெரும்பணம் கொடுத்து வாங்கி, தங்களுக்கு உயர்ந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். இன்று பிரெட்டும் பிஸ்கட்டும் லட்டும் நீட்டும் கைகளிலும் அதே அன்புதான் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். பழத்துச் சர்க்கரையைப் பற்றி இவ்வளவு பயம் எதற்கு, புல்லிலேயே சர்க்கரை இல்லையா என்று. இருக்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும் குதிரைக்கு, அந்தப் புல்லில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரையும் மாவுச்சத்தும் என்று வைத்தால், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்கெனவே உள்ளே போகிறது. 100 கிராம் கேரட்டில் இருப்பது சுமார் 5 கிராம் சர்க்கரை. ஆரோக்கியமான, வேலை செய்கிற குதிரைக்கு இரண்டு கேரட்டால் எதுவும் ஆகப்போவதில்லை. பழமே கூடாது என்று மிரட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 50 கிராம் வெல்லக்கட்டியில் ஏறக்குறைய ஒன்பது கேரட்டின் சர்க்கரை இருக்கிறது, அதை மெல்லவும் வேண்டியதில்லை. கழுத்துமேட்டில் கொழுப்புத் திரண்ட, உட்கார்ந்தே வளர்ந்த மட்டக்குதிரைக்கும், முன்பு ஒருமுறை குளம்பு அழற்சி வந்த குதிரைக்கும் இந்தக் கணக்கே செல்லாது. அவற்றின் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம், மற்ற குதிரைக்குப் பொருட்டில்லாத சர்க்கரையும் அவற்றுக்கு அதிகம். அவற்றுக்கு ஒரு கைப்பிடி பச்சைப்புல்லோ ஒரு துண்டு வெள்ளரியோ போதும். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்ற பழமொழி குதிரையின் சாமர்த்தியத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். தனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அதற்குத் தெரியாது என்பதும் அதில் இருக்கிறது. திறந்த வாய் பசிக்குச் சாட்சி, உடம்புக்குச் சாட்சியல்ல.

எப்படி நறுக்கினாலும் ஆகாதவை சில உண்டு. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையாக்கும். உருளைக்கிழங்கு, அதிலும் பச்சைபிடித்ததும் முளைவிட்டதும் வேண்டாம். தக்காளிச் செடியின் இலையும் தண்டும் அதே இனம். முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் வயிற்றில் காற்றைக் கட்டும். கிள்ளி எறிந்த மிச்சமெல்லாம் குதிரைக்கு என்று காய்கறிக் கூடையை அப்படியே கவிழ்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் கீழ்மலைக் காப்பித் தோட்டங்களிலும் நீலகிரியிலும் விளையும் வெண்ணெய்ப்பழம், நாம் பட்டர் ஃப்ரூட் என்பது, பழமும் இலையும் பட்டையும் குதிரைக்கு நஞ்சு. முகம் வீங்கும், இதயத்தசை கெடும். இவை எல்லாவற்றையும்விட நம் ஊரில் அஞ்ச வேண்டியது அரளி. தின்பண்டம் என்று யாரும் கொடுப்பதில்லைதான். ஆனால் கோயில் விழாவிலும் ஊர்வலத்திலும் குதிரைக்கு மாலை சூட்டும்போது அது செவ்வரளி மாலையாக இருந்தால், கழுத்தைத் திருப்பினால் வாய்க்கு எட்டுகிறது. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக வளர்த்து வெட்டிப்போடும் கிளைகளும் அதுவே. கைப்பிடி இலையே ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும், காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. பந்தயக் குதிரையானால் இன்னொரு கவனமும் சேர்கிறது. 2013இல் இங்கிலாந்தின் ஆஸ்காட் கோல்டு கப்பை வென்ற எஸ்டிமேட், இரண்டாம் எலிசபெத் ராணியின் குதிரை. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது, ஆனால் சோதனையில் மார்ஃபின் தெரிந்ததால் அந்த இடத்தை இழந்தது. யாரும் மருந்து கொடுக்கவில்லை, தீவனத்தில் கசகசாச் செடியின் கலப்பு இருந்திருக்கிறது. ஆசையாகக் கொடுத்த ஒரு சாக்லேட் துண்டிலும் இப்படித் தடைசெய்யப்பட்ட பொருள்கள் உண்டு.

இனி, நம்மில் பெரும்பாலோர் குதிரையைச் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். மெரினா மணல், ஊட்டி ஏரிக்கரை, கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை. அங்கே குதிரை நம்முடையதல்ல, அன்றைக்கு அதற்குக் கொடுக்கும் கை நம்முடையது மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலையில் 50 குடும்பங்கள் வந்து, குடும்பத்துக்கு இரண்டு கேரட் நீட்டினால், 100 கேரட். ஏறத்தாழ 10 கிலோ சில மணி நேரத்தில் அந்தச் சின்ன வயிற்றில் இறங்கும். ஒவ்வொரு குடும்பமும் தான் கொடுத்தது இரண்டே இரண்டு என்றுதான் நினைத்துக்கொண்டு வீடு திரும்பும். அதனால்தான் குதிரைக்காரரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பது வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல. "அண்ணே, இதுக்குக் கேரட் குடுக்கலாமா?" என்ற கேள்விக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்; இன்று என்ன தின்றது, பல் எப்படி, வயிறு எப்படி என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பசித்த குதிரைக்குக் கொடுப்பது புண்ணியமில்லையா, விலா எலும்பு தெரிகிற பிராணியைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா போவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வருத்தம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பசிக்குக் கேரட் மருந்தல்ல. ஒரு கிலோ கேரட்டில் 880 கிராம் தண்ணீர். மிஞ்சுவது 120 கிராம். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 6 கிலோ உலர்தீனி வேண்டும். அதைக் கேரட்டாகக் கொடுப்பதென்றால் 50 கிலோ. அதைவிட, இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருப்பதால் நெடுநேரம் பட்டினியாக நிற்கும் குதிரைக்கு இரைப்பையில் புண் வருகிறது. புல்லை மணிக்கணக்காக மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அந்த அமிலத்தைத் தணிக்கும். இன்னும் ஒன்று: பசித்த குதிரை அவசரமாக விழுங்கும், தொண்டையில் சிக்குவதும் அதற்குத்தான். கேரட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு கட்டுப் புல் வாங்கிக் குதிரைக்காரரிடம் கொடுத்தால், அது அந்தக் குதிரையின் ஓர் இரவைக் கடத்திவைக்கும். புல்வெளியில் இயந்திரத்தால் வெட்டிக் குவித்த ஈரப்புல் மட்டும் வேண்டாம், சீக்கிரம் சூடேறிப் புளித்துப்போகும்.

அந்தக் காலத்தில் ஜட்கா வண்டிக் குதிரைக்கு வெல்லம் கொடுக்கவில்லையா, அது ஓடவில்லையா என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. கொடுத்தார்கள், ஓடியது. நாள் முழுவதும் வண்டியிழுத்த உடம்பு அந்தச் சர்க்கரையை எரித்துவிட்டது. சவாரி இல்லாத பருவத்தில் கட்டிய இடத்திலேயே நிற்கும் குதிரைக்கு அந்தச் செலவில்லை. மேலும், வெல்லம் தின்று தாங்கிய குதிரைகள்தான் நம் நினைவில் நிற்கின்றன. கால்தாங்கி நின்றவற்றின் நோய்க்கு அன்று காற்று, கருப்பு, கண்ணேறு என்று வேறு பெயர் இருந்தது.

இத்தனை தொல்லை எதற்கு, ஒன்றுமே கொடுக்காமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்டால், அதையும் நான் ஏற்கமாட்டேன். வெறும் வைக்கோலிலும் பழைய உலர்புல்லிலும் வாழும் குதிரைக்கு வைட்டமின் ஏ குறைவு. கேரட்டின் கரோட்டின் அங்கே உண்மையாகவே உதவுகிறது. கசப்பு மருந்தை ஆப்பிள்கூழில் மறைத்துக் கொடுக்கலாம். கேரட் விரல்துண்டைக் குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவிலும் விலாப்பக்கமும் காட்டிக் கழுத்தை வளைக்கப் பழக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவர்கள் செய்கிறார்கள். மூன்று மாதம் இதைச் செய்த குதிரைகளின் முதுகெலும்பை ஒட்டிய தசை பருத்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. வாய்ருசியைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. 2005இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் லாயத்துக் குதிரைகளுக்குப் பல மணங்களில் தீவனம் வைத்துப் பார்த்தபோது, முதலிடம் பெற்றது கேரட்டோ ஆப்பிளோ அல்ல, வெந்தயம். அடுத்தது வாழைப்பழம். சீரகம்கூடக் கேரட்டுக்கு முன்னால் நின்றது. நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் பொருளின் வாசனைக்குக் குதிரை காது விடைக்கும் என்பது எனக்குப் பிடித்த செய்தி. தீனியில் ஒரு சிட்டிகை வெந்தயப்பொடி தூவினால் சர்க்கரையே இல்லாமல் ஆசையைத் தீர்க்கலாம்.

பழகாத எதையும் முதல் நாள் ஒரே ஒரு துண்டு, பிறகு இரண்டு நாள் சாணத்தைப் பார்த்துவிட்டு அடுத்தது என்று போக வேண்டும். நன்றாகப் பழகிய பிறகும் நாளைக்கு அரை கிலோவைத் தாண்ட அவசியமில்லை. அழுகியதும் பூசணம் பிடித்ததும் பிளாஸ்டிக் பையில் வியர்த்ததும் வேண்டவே வேண்டாம். மாட்டைவிடக் குதிரையின் வயிறு இதில் மிக மென்மையானது. கொடுக்கும்போது கையைக் கவனிக்க வேண்டும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றுமுற்றும் பார்க்கும் குதிரைக்கு, தன் மூக்குக்கு நேர்கீழே இருப்பது தெரியாது. மேலுதட்டை நீட்டி, முகவாய் ரோமத்தால் தடவித்தான் கண்டுபிடிக்கிறது. அந்த உதடு கேரட்டுக்கும் குழந்தையின் விரலுக்கும் வித்தியாசம் பார்க்கும் முன்பே பல் மூடிவிடக்கூடும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டவைத்து, நடுவில் துண்டை வைத்து நீட்ட வேண்டும். கையையே எதிர்பார்த்துச் சட்டையைக் கடிக்கப் பழகிய குதிரையானால் கையே வேண்டாம், வாளியில் போடலாம். கடற்கரையில் எல்லாக் குதிரைக்கும் வாளிதான் சரி. மணலில் எறிந்த துண்டோடு உதடு மணலையும் வாரிக்கொள்கிறது. அந்த மணல் வெளியே வராமல் பெருங்குடலின் அடியில் நாள்தோறும் படிந்துகொண்டே போகும்.